மரியாதைக்கு ஒரு பொத்தான்

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்கால நேரம். கூடத்தில் கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருந்தது. உள் அறையில் அக்கா மகன் வேறொரு கவசத்தை மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

ப்ளஸ் டூ முடித்த பையன். ஆடிக்கொண்டிருந்தது 'கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்'. 2014-ல் வந்த பழைய ஆட்டம். புது ஆட்டங்களை ஓட்ட அவனுடைய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டருக்குத் தெம்பு கிடையாது. ஆட்டம்தான் பழசே தவிர, கதை நடப்பது 2054-லும் அதற்குப் பிறகும். அதில் சிப்பாய்கள் உடம்புக்கு வெளியே இன்னொரு எலும்புக்கூட்டை மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வைத்த இரும்பு எலும்புக்கூடு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு எம்பு எம்பினால் மாடி. ஒரு குத்து விட்டால் எதிரி சுவரோரம்.

"மாமா, ஒரு ரவுண்டு ஆடுறீங்களா?"

ஆடினேன். நாலு செகண்டில் செத்தேன். எழுந்தேன். மறுபடி செத்தேன். பத்து நிமிஷத்தில் பதினோரு தடவை. செத்துப் பிழைத்தேன் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அன்றைக்கு நிஜமாகவே செய்தேன்.

பிறகு கதையைக் காட்டினான். தென் கொரியாவின் சோல் நகரச் சண்டையில் நாயகனின் நண்பன் செத்துப்போகிறான். சவ அடக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: மரியாதை செலுத்த எஃப் பொத்தானை அழுத்தவும். அழுத்தினான். நாயகன் பெட்டி மேல் கை வைத்தான். மரியாதை முடிந்தது. உலகம் முழுக்க இந்தக் காட்சியைக் கிண்டலடித்துத் தீர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது எதிலாவது தோற்றால் பையன்கள் வெறும் 'எஃப்' என்று தட்டிவிடுகிறார்கள்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் அக்கா விஷயத்துக்கு வந்தாள். "அக்னிவீர் எழுதப் போறானாம். எல்லாம் இந்த கேம் பண்ற வேலை. நீ சொன்னா கேப்பான். அதைத் தூக்கிப் போடச் சொல்லு."

இந்தப் பக்கத்தை எழுதக் காரணம் அந்த ஒரு வரிதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தடை கட்சி கிடையாது. வீடியோ கேம் வந்ததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒற்றை ஆளாக ஐம்பது பேரை அடித்துத் துவைக்கும் ஹீரோவுக்குப் பால் அபிஷேகம் செய்த தலைமுறை நாம். தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, "அப்பாவைச் சுடு பார்க்கலாம்" என்று போட்டோ எடுத்ததும் நாம்தான். 2020 செப்டம்பரில் பப்ஜியை மத்திய அரசு தடை செய்தபோது பல அம்மாக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த ஆணையில் இருந்த கவலை நம் பிள்ளைகளைப் பற்றியதல்ல. நாட்டின் பாதுகாப்பு, சீனத் தொடர்பு, தகவல் திருட்டு. 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அடுத்த வருடமே பெயரை மாற்றிக்கொண்டு அது திரும்பி வந்தது. தடையின் லட்சணம் இவ்வளவுதான்.

அதனால் சுடுவதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்தக் கவசத்தோடுதான்.

கவசம் போட்ட சிப்பாய் ஒன்றும் புதுக் கற்பனை இல்லை. 1959-லேயே ராபர்ட் ஹைன்லைன் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் எழுதிவிட்டார். நிஜத்திலும் செய்து பார்த்தார்கள். 2013-ல் அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படைப் பிரிவு 'டேலோஸ்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. பத்திரிகைகள் அதை 'அயர்ன் மேன் சூட்' என்றே எழுதின. 2019-ல் கடையைக் கட்டினார்கள். சில உதிரிப் பாகங்கள் தேறின. முழுக் கவசம் தேறவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். கவசம் கனமாக இருந்தால் அதை நகர்த்த மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு பேட்டரி வேண்டும். பேட்டரியே கனம். அதைத் தூக்க இன்னும் பெரிய மோட்டார். உலகத்திலேயே அதிகப் பணம் வைத்திருக்கும் ராணுவத்தாலேயே இந்தச் சுற்றை விட்டு வெளியே வர முடியவில்லை.

நம் கதை என்ன? குண்டு துளைக்காத சட்டை 1.86 லட்சம் வேண்டும் என்று நம் ராணுவத்துக்காக ஒப்புதல் கொடுத்தது 2009-ல். அதற்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். 639 கோடி ரூபாய். நடுவில் அவசரத்துக்கு ஐம்பதாயிரம் சட்டைகள் வாங்கினார்கள், வாஸ்தவம்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்பது வருடம். கடைகளில் மாடி தாண்டும் கவசம் விற்பனைக்கு வந்த 2014-ல், நிஜ ஜவான் சட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆட்டங்களின் பெரிய பொய் இதுதான். ரத்தத்தைக் காட்டுகிறார்கள், மறைக்கவில்லை. உடம்பைத்தான் மறைக்கிறார்கள். ஒரு தடவைதான் சாகும் உடம்பை. முழங்கால் போனால் முழங்கால் போனதுதான் என்கிற உடம்பை. நம் பாரதக் கதையில் கவசத்தோடு பிறந்தவன் கர்ணன். அவன் அதை அறுத்துக் கொடுத்த பிறகுதான் நமக்கு அவன் மேல் பாசமே வருகிறது. கவசம் போன பிறகுதான் வீரம் என்பது நம் பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

"அட, வெறும் விளையாட்டுதானே சார்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அமெரிக்க ராணுவம் 2002-ல் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்று சொந்தச் செலவில் ஓர் ஆட்டம் தயாரித்து இலவசமாக விட்டது. ஆள் சேர்ப்பதற்காக. 2022 வரை இருபது வருடம் நடத்தினார்கள். வெறும் விளையாட்டென்றால் ராணுவம் எதற்காகச் செலவு செய்கிறது?

நம் ஊரில் நடந்தது இன்னும் வருத்தம். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். துப்பாக்கிச் சண்டைகூட இல்லை. ராத்திரியில், குளிரில், கல்லும் கம்பியுமாக நடந்த கைகலப்பு. இறந்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஹவில்தார் பழனியும் ஒருவர். மறைவுக்குப் பிறகு வீர் சக்ரா கொடுத்தார்கள். பப்ஜி தடையான சூட்டோடு, மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 'ஃபாவ்-ஜி' என்ற ஆட்டத்துக்கு விளம்பரம் வந்தது. 2021 குடியரசு தினத்தில் வெளியீடு. முதல் பகுதியே கல்வான்தான். வருமானத்தில் 20 சதவீதம் வீரர்களின் குடும்ப நிதிக்கு என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வருஷத் திதிகூட வராத சாவை பொத்தான் அழுத்தும் ஆட்டமாக்க வேண்டுமா? அமெரிக்கக் கம்பெனியாவது கற்பனை நண்பனுக்குத்தான் எஃப் அழுத்தச் சொன்னது.

மறுநாள் காலையில் பையனைக் கூப்பிட்டுக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். புறப்படும் முன் கீழ வீதியில் நிறுத்தி, கோவில் மதிலைக் காட்டினேன். "இது ஒரு காலத்தில் கோட்டைடா. 1781 ஜூன் 18. உள்ளே ஹைதர் அலியின் ஆட்கள். வெளியே இங்கிலீஷ் ஜெனரல் அயர் கூட். அடித்துப் பார்த்து, முடியாமல் திரும்பிப் போனான்." பையன் மதிலை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தான். பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை வந்தது. அடுத்த பதிமூன்றாம் நாள், ஜூலை 1, அங்கேதான் கூட் ஜெயித்தான்.

கடலூரில் இறங்கி தேவனாம்பட்டினம். செயின்ட் டேவிட் கோட்டையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் இடிபாடு. 1690-ல் மராட்டியர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் வாங்கிய கோட்டை. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது என்பார்கள். பையனுக்கு அது பிடித்துவிட்டது. "செம மாமா, இதையே கேமாப் பண்ணலாம்" என்றான்.

அப்போதுதான் 1783-ஐச் சொன்னேன். ஜூன் 13. கடலூருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட். ஒரே நாளில் இங்கிலீஷ் பக்கம் மட்டும் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் ஆயிரம் பேர் அளவுக்கு. ஒரு வாரம் கழித்து கடலில் கப்பல் சண்டை. ஜூன் 25-ல் மறுபடி ஒரு மோதல். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்களோடு நம் சிப்பாய்கள். யார் ஜெயித்தது என்று முடிவாகும் முன்பே, மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் ஆகிவிட்டன.

"எப்போ மாமா?"

"ஜனவரி 20."

அவன் விரல் விட்டு எண்ணினான். அஞ்சு மாசம். கப்பல் வந்து சேர எடுத்துக்கொண்ட காலம். முடிந்துபோன யுத்தத்துக்காக இங்கே ஆயிரக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் கவசம் கிடையாது. மேல்சட்டை இருந்தால் அதுவே பெரிசு. செத்த சிப்பாய்களின் பெயர் சொல்லும் கல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மாடு பிடிச் சண்டையில் செத்தவனுக்கே நடுகல் நட்டு, அவன் பெயரையும் எப்படிச் செத்தான் என்பதையும் வெட்டி வைத்த சமூகம் நம்முடையது.

பையன் சும்மா இருக்கவில்லை. "கரெக்ட்தான் மாமா. ஆனா நிஜம் மாதிரி ஒரு தடவை செத்தா அவ்ளோதான்னு வச்சா, யாரு காசு குடுத்து வாங்குவா?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. அதே 2014 நவம்பரில் போலந்து நாட்டிலிருந்து 'திஸ் வார் ஆஃப் மைன்' என்று ஓர் ஆட்டம் வந்தது. சரயேவோ நகர முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனம். சோறு தேட வேண்டும், மருந்து தேட வேண்டும். செத்தவர் செத்தவர்தான், எழுந்து வர மாட்டார். அதையும் ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2020-ல் போலந்து அரசு பள்ளி மாணவர்களின் வாசிப்புப் பட்டியலிலேயே அதைச் சேர்ப்பதாக அறிவித்தது. ஆக, உண்மையைச் சொன்னால் விற்காது என்பது சோம்பேறி வியாபாரி சொல்லும் சாக்கு.

அக்காவுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ராணுவத்துக்குப் போகாதே என்று அவனிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. எல்லையில் ஒருத்தன் நிற்பதால்தான் நான் இங்கே உட்கார்ந்து பத்தி எழுதுகிறேன். ஆனால் சேருகிறவனுக்குக் கணக்கு தெரிய வேண்டும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் வேலை நான்கு வருடம். அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவது அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர். இதையும், உடம்பு ஒன்றுதான் என்பதையும் தெரிந்துகொண்டு ஒரு பையன் போனால் அவனுக்கு சல்யூட். எம்பினால் மாடி என்று நினைத்துக்கொண்டு போனால், அவனை ஏமாற்றியவர்களில் நாமும் உண்டு. ஏனென்றால் மதில் பக்கத்திலேயே பதினேழு வருடம் வளர்ந்தவனுக்கு அந்த மதிலின் கதையை நாம் சொல்லவில்லை. யாரோ ஒரு கம்பெனிக்காரன் சோல் நகரத்தின் கதையைச் சொல்லிவிட்டான்.

பெற்றோர்களே, கம்ப்யூட்டரைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஆடுங்கள், பதினோரு தடவை சாகுங்கள். பிறகு உங்கள் ஊரில் நிஜமாகச் செத்தவர்கள் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் கட்டணம்தான் செலவு. தேவனாம்பட்டினத்தில் ஒரு கல் நட வேண்டும் என்பது அரசாங்கத்துக்கு என் கோரிக்கை. பெயர்கள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. தேதி இருக்கிறது. அன்றைக்கு உலகத்தில் சமாதானம் ஆகியிருந்தது என்கிற தகவலும் இருக்கிறது. இரண்டையும் தமிழில் வெட்டினால் போதும்.

பையன் கேமை விட்டுவிட்டானா? இல்லை. இப்போதும் ஆடுகிறான். அக்னிவீருக்கும் படிக்கிறான். போன வாரம் போனில் ஒன்று கேட்டான்: "மாமா, ஜூன் 13-ம் தேதி ஃப்ரீயா இருப்பீங்களா? கடலூர் போலாம்."