அஞ்சாவது ஆள் உள்ளே வரலாமா?

உலகத்துலேயே சந்தேகப் புத்தி அதிகமுள்ள மெஷின் எது தெரியுமா பாஸ்? நம்ம வீட்டு குக்கர்! மூடி மேல உட்கார்ந்து விசிலடிக்கிற வெயிட், ஆவியை அளவோடு வெளியே விடும். அதுல பருப்பு போய் அடைச்சுக்கிட்டா? பக்கத்துலயே ஒரு குட்டி சேஃப்டி வால்வு. சூடு எல்லை மீறினா, அதுக்குள்ள இருக்கிற உலோகம் உருகி ஆவிக்கு வழிவிட்டுடும். 'சமைக்கிறவர் மறப்பார், வெயிட் அடைச்சுக்கும், ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும்'னு டிசைன் பண்ணினவர் முன்கூட்டியே யோசிச்சிருக்கார்.

யோசிக்காம விட்டா? 1979 மார்ச் 28. அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு, மூடாம மாட்டிக்கிச்சு. கன்ட்ரோல் ரூமில் இருந்தவங்க விளக்கைப் பார்த்து 'மூடியாச்சு'ன்னு நம்பிட்டாங்க. அந்த விளக்கு காட்டினது, மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான். வால்வு நிஜமா மூடிச்சாங்கிறதை இல்லை! குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறி, அணு உலையின் மையப்பகுதியில் சுமார் பாதி உருகிப்போச்சு.

இப்போ நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு வாங்க. சிவகாசி, சாத்தூர் பக்கம் பஸ்ல போறப்போ, பொட்டல் காட்டுல தள்ளித் தள்ளி நிக்கிற சின்னச் சின்ன ரூம்களைப் பார்த்திருப்பீங்க. அந்த இடைவெளிதான் பட்டாசு ஆலையோட சேஃப்டி வால்வு. ஒரு ரூம் வெடிச்சா அடுத்த ரூம் பிழைக்கணும். ரூமுக்கு நாலு பேர்தான். மருந்துக்கும் அளவு உண்டு. கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும், ஓடறவர் அதை இழுத்துக்கிட்டு நிக்கக் கூடாதே! உடம்புல சேர்ற நிலை மின்சாரம் மருந்துல பாயாம இருக்க, எர்த் பண்ணின தகட்டைத் தொட்டுட்டுதான் வேலையில உட்காரணும்.

இந்த விதிகள் எல்லாம் சொல்றது ஒண்ணுதான். 'விபத்து நடக்கும்னே வெச்சுக்கோ, அது நாலு பேரோட நிக்கட்டும்.' கேட்கவே கசப்பா இருக்கில்ல?

அந்த நாலுகூட நிக்காத நாள், 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தாங்க. அதில் பலர் அங்கே வேலை பார்த்தவங்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்துக்காரங்க. ரூமுக்கு நாலு பேர்னு போட்ட கணக்குல, ஓடி வர்ற ஊர் இல்லை. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். மறுபடியும் 20 பேருக்கு மேல்.

தீபாவளி ஆர்டர் நெருக்கும். பீஸ் ரேட் கூலி, எண்ணிக்கை கூடினாதான் காசு. அப்போ அஞ்சாவது ஆளும் உள்ளே வருவார், மரத்தடியிலும் வேலை நடக்கும். 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு எழுதி ஃபைலை மூடிடலாம். ஆனா குக்கரை டிசைன் பண்ணினவர் அப்படிச் சொல்லித் தப்பிக்கலையே!

மெக்கானிக்கல், கெமிக்கல், ஈசிஇ மக்களே... ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஐடியா. அஞ்சாவது ஆள் நுழைஞ்சா மணி அடிக்கிற ஒரு கதவு செஞ்சு காட்டுங்க. அந்த மணியிலிருந்தே ஒரு பொறி கிளம்பிடக் கூடாது. அதுதான் சவால். எடுத்துக்கிறீங்களா?