அளவு ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தையல் பயிற்சி நிறைவு விழா. ஓய்வு பெற்ற டீச்சர் என்றால் சான்றிதழ் எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுவார்கள், ஒரு சால்வை போடுவார்கள். போனேன். மூன்று மாதப் பயிற்சி, முப்பது பெண்கள் போல இருந்தார்கள். ஏரியோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். அதில் ஒருத்தி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். விழா முடிந்து டீ குடிக்கும்போது அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உன் மார்புச் சுற்றளவு எத்தினி இன்ச்சும்மா?"

சிரித்துவிட்டாள். "தெரியாது டீச்சர். அளவு ஜாக்கெட் இருக்குதே."

"மூணு மாசமா நீங்க தச்சதை எல்லாம் யாரு வெட்டினாங்க?"

"மாஸ்டரு வெட்டிக் குடுப்பாரு டீச்சர். நாங்க மிஷின்ல ஓட்டுவோம்."

கையில் அவளுக்கு நான் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. அதில் அவளுக்குத் தையல் தெரியும் என்று போட்டிருக்கிறது. எனக்கு டீ இறங்கவில்லை.

நண்பர்களே, இதை வெறும் குறையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஒரு பெண்ணுக்கு மிஷினைக் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கொடுக்காமல் இருப்பது பாதி உதவி இல்லை, ஏமாற்று. அதைச் செய்கிறவர்களுக்கு ஏமாற்றுகிறோம் என்றே தெரியவில்லை என்பது வேறு விஷயம். தையல் தொழிலில் நேராக ஓட்டுவதற்குக் கூலி, வெட்டுவதற்குச் சம்பளம். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேனில் போய்வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒருத்தி வருஷக்கணக்காகக் காலர் மட்டும் வைக்கிறாள். முழுச் சட்டை ஒன்று தைத்துக் கொடு என்றால், "அது எனக்கு வராதுங்க" என்கிறாள். வெட்டும் மேஜையில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். கட்டிங் மாஸ்டர். ஆண். கடைத்தெருவிலும் அதே கதைதான். உள்ளே மிஷினில் பெண்கள், வாசலில் கழுத்தில் டேப்போடு மாஸ்டர்.

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று புரியும்.

1984. எனக்கு வேலை கிடைத்து இரண்டாவது வருஷம். தவணையில் ஒரு உஷா கால்மிஷின் வாங்கியிருந்தேன். பாவாடை நாடாவும் தலையணை உறையும் தைப்பேன், அவ்வளவுதான். அப்போது ஒரு மகளிர் பத்திரிகையில் (பெயர் வேண்டாம்) மாதா மாதம் ஒரு பக்கம் வரும். தீப்பெட்டி அளவில் ஒரு படம், அதில் 0, 1, 2, 3 என்று புள்ளிகள், பக்கத்தில் "0–1 உயரம், 0–2 மார்பளவில் நாலில் ஒரு பங்கு" என்று ஒரு கணக்கு. அச்சு மங்கலில் 6 எது 8 எது என்று தெரியாது. நம் வயசுப் பெண்களில் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைக் கிழித்து நோட்டுக்குள் வைத்திருப்பீர்கள். வெட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் வெட்டினேன். பொன்னேரியில் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி, நல்ல மாம்பழ மஞ்சள். படத்தில் முதுகுப் பக்கத்தில் பாதிதான் வரைந்திருக்கும். துணியை மடித்து, மடிப்பின் மேல் வைத்து வெட்ட வேண்டும். மடிப்பையே வெட்டிவிட்டேன். முதுகு இரண்டு துண்டு. நடுவில் தைத்து ஒட்டி, முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சித்திரை வெயிலில் டீச்சருக்கு என்ன குளிர் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

இரண்டாவதில் மடிப்பு சரி. ஆனால் என் மார்பளவு 34, அதில் நாலில் ஒரு பங்கு 8½, படத்தில் போட்டிருக்கிறது என்று கச்சிதமாக 8½ வெட்டினேன். தைத்து முடித்தால் கொக்கி எட்டவில்லை. பக்கத்துத் தையல் ஒவ்வொன்றிலும் முன்துணியில் அரை, பின்துணியில் அரை உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு இன்ச் காணாமல் போயிருந்தது. மூச்சு விடக் கொஞ்சம் தளர்வும் வேண்டும், அதையும் சேர்க்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல துணியைப் பாழாக்கினியே, டைலரு கையில குடுத்தா ரெண்டு நாள்ல வந்திருக்குமே!"

அப்பா திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் தையல் மிஷின் பக்கம் போனவர் இல்லை. "முடிச்சுக்குள்ள போற நூலை நீ கணக்குல சேக்கலையாம்மா?" என்றார்.

மீனவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வலையின் கண் எல்லாம் ஒரே அளவாக வர ஒரு மூங்கில் துண்டை வைத்துக்கொண்டு பின்னுவார்கள். ஒவ்வொரு முடிச்சும் கொஞ்சம் நூலைத் தின்றுவிடும். அதையும் சேர்த்துத்தான் நூல் வாங்க வேண்டும். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், அந்தக் கணக்கு விரலில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் ஒரு வரியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எனக்கு ஒரு துணி போனது. ஆனால் தையலுக்கு விடும் துணி என்றால் என்ன என்பது அன்றைக்குப் புரிந்தது, இன்று வரை மறக்கவில்லை. மூன்றாவது ஜாக்கெட்டைத் தினத்தந்தித் தாளில் வெட்டினேன். அதைப் பழைய வேட்டியில் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கைக்குழி பிடித்தது, கால் இன்ச் இறக்கினேன். அதற்குப் பிறகுதான் கடைத் துணி. பொருந்தியது. என் ரவிக்கையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் தைக்கக் கொடுத்ததில்லை.

இப்போது அளவு ஜாக்கெட்டுக்கு வருகிறேன். நம் பெண்கள் டைலரிடம் போகும்போது என்ன செய்கிறார்கள்? ஓரளவு பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போகிறார்கள். அந்த ஜாக்கெட் இன்னொரு அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்தது. அது அதற்கு முந்தினதைப் பார்த்து. இருபது வருஷத்துக்கு முன்னால் எவரோ தோளில் விட்ட தப்பு இன்றைக்கும் தோளை விட்டு வழிகிறது. இடையில் இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, உடம்பு மாறிவிட்டது, ஜாக்கெட் மாறவில்லை. "கொஞ்சம் லூசா வைங்க" என்று மட்டும் சொல்லத் தெரியும். எவ்வளவு கொஞ்சம்? அது மாஸ்டருக்குத்தான் தெரியும்.

இதே ஊரில் ஆண்கள் இப்படி இருக்கிறார்களா? கண் அளவு பார்க்காமல் எவனாவது வலை வாங்குவானா? கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பத்துக்காரர்களின் பாடு முறையைப் பாருங்கள். இன்றைக்கு இந்த இடம் யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக முறை பிசகாமல் கணக்கு. கரையில் அந்த மீனை வாங்கி விற்கிற பெண்ணுக்கும் கணக்கு வராமல் இல்லை. கூடையைப் பார்த்தே விலை சொல்வாள். அவள் உடம்பின் அளவு மட்டும் ஒரு கந்தல் ஜாக்கெட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. துணிக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டி உட்கார்ந்தது ஏரியின் அழகைப் பார்க்கவா? துணிக்காக. இங்கிருந்து போன வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரையே வைத்து 'புலிகாட்' என்றார்கள். அகராதியில் இருக்கிறது, பாருங்கள். துணிக்குப் பெயர் கொடுத்த ஊரில் இன்று ஒரு நைட்டிக்கு பஸ் ஏறுகிறோம்.

மிஷினுக்குப் பஞ்சம் இல்லை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்களுக்கு நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் கொண்டுவந்து இறக்கின. இயந்திரம் என்றாலே முகம் சுளித்த காந்தி 1924-ல் விலக்குக் கொடுத்த சில பொருள்களில் சிங்கர் தையல் மிஷினும் ஒன்று. ஆக, காந்தி முதல் கலெக்டர் வரை மிஷினுக்கு எதிரி யாரும் இல்லை. நான் அறிந்த வீடுகளில் அந்த மிஷின்கள் எங்கே என்கிறீர்கள்? மேலே துணி போர்த்தி, அதன் மேல் டி.வி. உப்புக் காற்றில் சக்கரம் துருப்பிடித்துப்போய். வெட்டத் தெரியாதவளுக்கு அது வேறு எதற்கு?

வெட்டுவதைக் கற்றுக்கொடுத்தால் டைலர் பிழைப்பு போய்விடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். 1863-ல் அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையல்காரர்தான் அளவு வாரியாகக் காகிதத்தில் வெட்டிய மாதிரிகளை விற்க ஆரம்பித்தார். ஒரே அளவு மாதிரியை வைத்துக்கொண்டு அவர் மனைவி பட்ட பாடுதான் தொடக்கம் என்பார்கள். ஒரு டைலரே தன் கத்தரி ரகசியத்தைத் தாளில் மடித்து வீட்டுப் பெண்களுக்கு விற்றார், அவர் ஒன்றும் தெருவுக்கு வரவில்லை. போர் முடிந்து இடிந்து கிடந்த ஜெர்மனியில் 1950-ல் எனே புர்தா என்ற அம்மாள் ஒரு பத்திரிகை தொடங்கினார். சீக்கிரமே அதற்குள்ளேயே வெட்டு மாதிரித் தாளை மடித்து வைத்துக் கொடுத்தார். கடையில் வாங்கக் காசில்லாத பெண்கள் தாங்களே வெட்டித் தைத்தார்கள். அந்தப் பத்திரிகை உலகம் சுற்றியது. நம் பத்திரிகைகளின் தீப்பெட்டிப் படம் அதன் ஏழைத் தங்கச்சி. இப்போது நான் வாங்குகிற பத்திரிகைகளில் அதுவும் இல்லை. ஆரி வேலை செய்த கல்யாண ஜாக்கெட்டின் வண்ணப் படம் இருக்கிறது, எப்படி வெட்டுவது என்று ஒரு கோடு இல்லை. பார்த்து ஏங்கு, காசு கொடுத்து வாங்கு.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சில பெண்கள் அருமையாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் முதன்முதலாகக் கத்தரி பிடிக்கிறவளுக்கு ஓடிப்போகிற படத்தைவிட, மேஜையில் கிடக்கிற தாள் நல்லது. தாள் காத்திருக்கும். தப்பாக வெட்டினால் நாலணா நஷ்டம் இல்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்கிறவர்களுக்கு ஒரே கேள்வி. ரவிக்கைத் துணி என்ன விலை, அதைத் தைக்கக் கூலி என்ன? துணியைவிடக் கூலி அதிகமாகி வெகுநாள் ஆகிறது. அந்தக் கூலி யார் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வழக்கே.

குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்க வேண்டும். "துணியைக் கெடுக்காதே" என்று மகளின் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கியது யார்? நாம்தான். கைவேலைப் பீரியடில் கணக்குப் பாடம் நடத்தி போர்ஷனை முடித்தது யார்? நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் செய்தேன், இன்ஸ்பெக்ஷனில் பாராட்டும் வாங்கினேன். இன்ச் டேப்பைக் கையில் கொடுத்து நாலில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளின் தோளிலும் முதுகிலும் காட்டியிருந்தால் கணக்கும் வந்திருக்கும், ஜாக்கெட்டும் வந்திருக்கும். அன்றைக்குத் தோன்றவில்லை. சான்றிதழோடு சிரித்தவள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள்.

பயிற்சி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: முதல் மாதம் மிஷினைத் தொட விடாதீர்கள். டேப், சாக்பீஸ், பழைய பேப்பர், கத்தரி, போதும். கடைசி நாளில் ஒவ்வொருத்தியும் தானே அளந்து, தானே வெட்டி, தானே தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வரட்டும். அப்படி வராதவளுக்குச் சான்றிதழ் கொடுக்க என்னைக் கூப்பிடாதீர்கள். சால்வை என்னிடம் நிறைய இருக்கிறது.

அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வரும்போதே பையில் அளவு ஜாக்கெட். அதைத் திண்ணையிலேயே வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போய் டேப்பை அவள் கையில் கொடுத்தேன். தானே சுற்றிப் பிடித்து, நான் பின்பக்கம் டேப் இறங்காமல் பார்த்துக்கொள்ள, குனிந்து படித்தாள்.

"முப்பத்திநாலரை. டீச்சர், அரை வேற இருக்குது, அதை இன்னா பண்றது?"

நாலால் வகுக்கச் சொல்லிப் பேப்பரை விரித்தேன்.