தாத்தா சொன்ன 'முடியாதுங்க'

தோழர்களே, போன மாதம் செம்மேட்டில் ஒரு மாணவர் முகாம். ஒரு தம்பியின் பனியனில் 'ரெசிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது. "இதுக்குத் தமிழ்ல என்ன தம்பி?" என்று கேட்டேன். "எதிர்ப்புங்க அக்கா." இயற்பியல் படிக்கும் தங்கை ஒருவர், "மின்தடையும் அந்தச் சொல்லுல இருந்துதானுங்க வந்துச்சு" என்றார். கொல்லிமலையில் மின்தடை என்றால் கரண்ட் போவது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அந்த வினைச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரில் 'நிற்பது' என்ற பொருள் இருக்கிறது. போலீஸ் பிடிக்கும்போது திமிறுவது, உடம்பு நோயைத் தாங்குவது, பலகாரத்தைப் பார்த்தும் நாக்கைக் கட்டுவது எல்லாமே ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். நாம் 'எதிர்ப்பு' என்றதும் கொடியும் மைக்கும்தான் கண்முன் வருகின்றன. 'மாட்டேன்' என்று மறுப்பதை அதில் சேர்ப்பதில்லை.

அன்று மாலை அதே தம்பி சொன்னார்: "எங்க ஊர்ல எதிர்ப்பே இல்லீங்க அக்கா. பெருசுங்க பூரா பயந்துக்கிட்டே இருந்துட்டாங்க." எனக்குச் சுருக்கென்றது.

என் தாத்தா மலையடிவாரத்தில் ஊர்ச் சாவுக்குப் பறையடித்தவர். ஒரு நாள் ஆள் வந்து கூப்பிட்டபோது, கைகட்டி நின்றபடியே, "இனிமே முடியாதுங்க சாமி" என்றாராம். 'சாமி' என்ற சொல்லை அவரால் விட முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சாவுக்கும் அவர் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் காட்டு வேலை கிடையாது, கடையில் கடன் கிடையாது. வழக்கும் இல்லை, போட்டோவும் இல்லை. (முகாமில் நாம் ஆசையாகப் பறை அடிக்கிறோம். அவரை யாரும் ஆசை பார்த்துக் கூப்பிடவில்லை.) எம்.ஏ. சமூகவியலில் எதிர்ப்பு இயக்கங்கள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். தாத்தாவை எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மகாடு சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தது நமக்குத் தெரியும். செத்த மாட்டை இழுப்பதையும் அந்த இறைச்சியைத் தின்பதையும் விடுங்கள் என்று அதே மாநாடு சொன்னதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் மாட்டுத்தோல் உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன்பின் சுரேந்திரநகரில் நம் மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனி எடுக்க மாட்டோம் என்றார்கள்.

மறுத்தவருக்கு இன்று சட்டம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்க வைப்பது, புதைகுழி தோண்ட வைப்பது, சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு எல்லாம் அதன்படி குற்றம். தாத்தா காலத்தில் இது இல்லை.

அடுத்த முறை கணக்கெடுப்புக்குப் போகும்போது, "போராட்டம் நடந்ததா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வேலையை எந்த வருஷம் விட்டீர்கள், விட்ட பிறகு யார் கூலிக்குக் கூப்பிடவில்லை, எந்தக் கடையில் சாமான் தரவில்லை என்று கேளுங்கள். தேதியோடு எழுதுங்கள். இப்போதும் அது நடக்கிற ஊர் என்றால், புகார் மனுவுக்கு அந்தத் தேதிகள் வேண்டும்.