அரியர் விழுந்த பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஊருக்கு நல்லது செய்ய நினைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. தாத்தா பெயரிலோ அம்மா பெயரிலோ ஓர் அறக்கட்டளை தொடங்குகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள், ஊர்க் கண்மாயைத் தூர்வாருகிறார்கள். அந்த மனசு பெரிது. ஆனால் கட்டணத்தைக் கட்டிவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்று நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை பல பிள்ளைகளை நட்டாற்றில் விடுகிறது.

கட்டணத்துக்கு இன்று வேறு வழிகளும் உண்டு. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று தொடங்கிய அரசுத் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. இதற்குப் பிறகும் ஏன் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் போட்ட பையனுக்கு முதல் செமஸ்டரில் கேள்வியே புரிவதில்லை. இரண்டு அரியர் விழுகிறது. வீட்டில் சொல்லப் பயம். சொன்னாலும் கொத்து வேலைக்குப் போகும் அப்பாவால் என்ன செய்ய முடியும்? மெஸ் பில் பாக்கி, அரியர் தேர்வுக்குத் தனிக் கட்டணம். அந்த நேரம் பார்த்து இரண்டாம் ஆண்டு உதவிக்கான படிவம் வருகிறது: அரியர் இல்லாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். பல அறக்கட்டளைகளில் இதுதான் விதி. கை தேவைப்படும் நேரத்தில் கையை இழுத்துக்கொள்கிற விதி.

தகுதி பார்க்க வேண்டாமா என்பார்கள். வசதியான வீட்டில் அரியர் விழுந்தால் அப்பா நாலு திட்டுத் திட்டிவிட்டு டியூஷனுக்கு ஏற்பாடு செய்வார். அங்கே யாரும் தகுதியைப் பேசுவதில்லை. ஏழைப் பிள்ளை மட்டும் ஒரு தடவைகூடச் சறுக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையில் தன்னார்வலர்கள் மாணவரின் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். சேர்ந்த பிறகும் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். சின்ன அறக்கட்டளைக்கு அவ்வளவு ஆள் பலம் இருக்காதுதான். மாதம் ஒருமுறை போன் செய்து “சாப்பிட்டியா, எந்தப் பேப்பர் கஷ்டமா இருக்கு?” என்று கேட்க ஒரு சித்தப்பா போதும்.

ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்கிற இதே நினைப்புதான் கண்மாயிலும். ஜேசிபி வந்து ஒரு வாரம் மண் அள்ளும், கரையில் கன்று நடுவார்கள், படம் பத்திரிகையில் வரும். ஐப்பசி மழை கொட்டினாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. வரத்துக்கால் மேலே வீட்டுமனையாகிக் கிடக்கும், மிச்சத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்கள் சங்கிலிபோல இருப்பவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர். சர்வேயரை அழைத்து வரத்துக்காலை அளக்க வேண்டும், மேல் கண்மாய் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், மடைப்பலகையை மாற்ற வேண்டும். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் போக வேண்டும்.

நூறு பேருக்கு உதவினோம் என்று பேனரில் போட ஆசைப்படாதீர்கள். இருபத்தைந்து பேரை எடுத்து நான்கு ஆண்டும் கூட நில்லுங்கள். மெஸ் பில்லையும் அரியர் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வருகிற ஜூனில் புதுப் படிவம் அச்சுக்குப் போகும் முன் அந்த அரியர் விதியை அடித்துவிடுங்கள்.