கடலடியும் தரிசு நிலமோ?

ஆழ்கடலின் அடித்தளம் உயிரற்ற பாலைவனம். அங்குக் கிடக்கும் உலோகக் கட்டிகளை அள்ளுவதால் எவருக்கும் நட்டமில்லை என்னும் வாதம் சில ஆண்டுகளாக உரத்த குரலில் முன்வைக்கப்படுகின்றது. காடு அழியாது, கிராமம் பெயராது, மின்கலங்களுக்கு வேண்டிய நிக்கலும் கோபாற்றும் மங்கனீசும் கைக்கு வரும் என்பர் அதன் ஆதரவாளர். இலாபமே குறியானோர் இவ்வாறு பேசுவதில் வியப்பில்லை. முற்போக்குப் பேசும் ஆசிரிய நண்பர் சிலரும் 'வெறுஞ் சேறுதானே' என்று தலையசைப்பதே வியப்பிற்குரியது.

இந்தப் பேச்சை நமது மண் முன்பே கேட்டிருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடந்த நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியதெனக் கொள்ளப்படும் என்றது. சேனைப் பயிர்ச்செய்கையில் நிலத்தைச் சில ஆண்டுகள் ஆறவிடுவது வழக்கம். அவ்வாறு ஆறிக் கிடந்த நிலம் அதிகாரியின் கண்ணுக்குத் தரிசாகவே பட்டது. உறுதி காட்ட இயலாத குடியானவனின் நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. நிலம் உறங்கிற்றேயன்றி இறக்கவில்லை என்பதை அறிந்துகொள்ளும் அவசியம் அந்த அதிகாரிக்கு இருக்கவில்லை.

கடலடிக்கும் இதே கதைதான். 1843இல் எட்வேட் போப்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், ஏஜியன் கடலில் தாம் கண்டதைக் கொண்டு, 300 பாகத்திற்குக் கீழே உயிர் இராது என்று கருதினார். 1872இற் புறப்பட்ட சலஞ்சர் கப்பலின் வலைகள் அதற்கும் மிக ஆழத்திலிருந்து பிராணிகளை வாரிக் கொண்டுவந்தன. பின்னர், 1955இல், மொறிற்றா, சோபெல் என்னும் இருவர் பசுபிக் சமுத்திரத்தின் அடையல்களை ஆராய்ந்து, 7.47 மீற்றர் ஆழத்துடன் உயிர் மண்டலம் முடிவடைகின்றது என்று எழுதினர். அவர்களுடைய வளர்ப்பூடகத்தில் அதற்குக் கீழுள்ள எதுவும் வளரவில்லை. நாம் இட்ட சோற்றை உண்ணாதவன் செத்தவன் என்று முடிவு கட்டுவது போன்றது இது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அக்காலக் கருவிகள் அவ்வளவே. ஆயினும் 1994இல் பாக்ஸ் என்பாரும் குழுவினரும் 500 மீற்றருக்கும் கீழே நுண்ணங்கிகளைக் கண்டனர். 2012இல் ஜப்பானின் சிக்கியூ கப்பல் சிமொக்கித்தாவுக்கு அப்பால் ஏறத்தாழ 2,466 மீற்றர் ஆழத்திற்கு அடித்தளத்தைத் துளைத்தபோது, அங்குப் புதைந்திருந்த பழைய நிலக்கரிப் படைகளிலும் அவை இருந்தன. அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, கடலடி அடையல்களில் வாழும் கலங்களின் தொகை 29இன் பின்னால் 28 சுழிகள் இட்டு எழுதும் எண்ணாகும்.

இவற்றின் வாழ்க்கை முறை நம் கற்பனையைத் திணறச் செய்வது. தென் பசுபிக்கின் நடுவே, நீரில் உணவே அரிதான பகுதியில், 10 கோடியே 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் படிந்த களியை 2010இல் எடுத்தனர். ஆய்வுகூடத்தில் ஊட்டம் கொடுத்தபோது அதனுள் இருந்த பற்றீரியாக்கள் உண்டன, பெருகின. அதன் விபரம் 2020இல் வெளியாயிற்று. டைனோசோர்கள் உலாவிய காலத்துச் சேற்றில் அடைபட்டும், ஒட்சிசனை மட்டுமட்டாகச் செலவிட்டும், பட்டினியைத் தாங்கி நின்ற இவ்வுயிர்களை 'வெறுஞ் சேறு' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

'இயந்திரம் மேற்படையை மட்டுந்தானே சுரண்டும். ஆழத்திலுள்ளவை பிழைத்துக் கொள்ளுமே' என்று எதிர்வாதம் வரும். மேற்படைதான் அங்கே அடுப்படி. மேலேயிருந்து விழும் சொற்ப உணவைச் சிதைத்துக் காபனையும் போசணையையும் மீளச் சுழலவிடும் வேலை அந்தச் சில சென்ரிமீற்றரிலேதான் பெரிதும் நடைபெறுகின்றது. 1989இல் ஜேர்மன் விஞ்ஞானிகள் பெருப் படுகையில், 4,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், ஒரு கலப்பையைக் கட்டியிழுத்து அடித்தளத்தை உழுது பார்த்தனர். 26 ஆண்டுகளின் பின், 2015இல், திரும்பிச் சென்றபோது உழுத சால்கள் அழியாதிருந்தன. பாதிக்கப்பட்ட இடங்களில் நுண்ணங்கிகளின் செயற்பாடு நான்கிலொரு பங்கு வரை குன்றியிருந்தது. அது பழைய நிலைக்கு மீள 50 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பது அவர்களது மதிப்பீடு. பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளரும் உலோகக் கட்டிகள் மீள்வதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதுவும் ஒரு சிறு பரிசோதனை.

உடைமைப் பிரச்சினைக்கு வருவோம். 1967இல் மோல்ற்றாவின் தூதர் ஆவிட் பாடோ ஐக்கிய நாடுகள் சபையிலே கடலடி மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்றார். அக்கருத்தைச் சட்டமாக்கக் கூடிய மாநாட்டிற்கு 1973 முதல் 1980இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் நம் நாட்டவரான ஷேர்லி அமரசிங்க. (நமது மாணவருள் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும்?) 1982ஆம் ஆண்டுச் சமவாயத்தில் பொதுச்சொத்து என்னும் சொல் இடம்பெற்றது. ஆனால் 'வளம்' என்பதற்கு 133ஆம் உறுப்புரை தந்த பொருள் கனியங்கள் மட்டுமே. உயிர்கள் அவ்வேட்டில் இல்லை.

அந்த இடைவெளியினூடே நுழைந்தது மூலதனம். பேற்றன்ற் பெறப்பட்ட கடலுயிர்களின் பரம்பரையலகுத் தொடர்களிலே 47 வீதம் பாஸ்ஃப் என்னும் ஒரே ஜேர்மன் கம்பெனியின் பெயரில் உள்ளதென 2018இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இவற்றுட் பெரும்பகுதி நுண்ணங்கிகளுடையவை. தோண்டும்போது உயிரில்லாத சேறு, பேற்றன்ற் எழுதும்போது விலைமதிப்பற்ற உயிர்! 2026 சனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கடல் உடன்படிக்கை பலனைப் பகிர வேண்டும் என்கிறது. எவ்வாறு என்பதை உறுப்பு நாடுகளின் மாநாட்டிற்கு விட்டுவிட்டது. 1982ஆம் ஆண்டுச் சமவாயத்தை ஏற்காத ஐக்கிய அமெரிக்காவோ, 2025 ஏப்பிரலில், சர்வதேசக் கடலடியிலும் தோண்டத் தானே அனுமதி வழங்கப் புறப்பட்டது.

கொங்கோவின் கோபாற்றுச் சுரங்கங்களில் மனிதர் படும் பாட்டைச் சிலர் நேர்மையாகவே சுட்டுகின்றனர். அப்பாடு உண்மை. கடலிலே தோண்டத் தொடங்கினால் கொங்கோவிலே தோண்டுவதை நிறுத்துவோம் என்று எழுதிக் கொடுத்த கம்பெனி எது?

1840இன் சட்டம் நிரூபிக்கும் பாரத்தை நிலத்தை இழப்பவன் தலையிலே ஏற்றியது. இன்று கடலடியில் உயிருண்டு, அது மீளாது என்று காட்டும் பாரம் ஆய்வாளர் தலையில் ஏற்றப்படுகின்றது. அதைத் தோண்ட வருவோன் சுமக்கட்டும். கெடுத்தது மீளும் என்பதை அவன் காட்டும்வரை, கிங்ஸ்ரனிலுள்ள சர்வதேசக் கடலடி அதிகாரசபை சுரங்க அனுமதி எதிலும் கையொப்பமிடலாகாது. இலங்கையின் பிரதிநிதியும் அங்கு அவ்வாறே வாக்களிக்க வேண்டும்.