பதினொருவர், 667 குற்றச்சாட்டுகள்: சேர்த்து விசாரிப்பதா, பிரித்து விசாரிப்பதா?

2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட பதினொரு பேர் தொடர்பாக, 2019 இல் சட்டமா அதிபர் 14 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். அதில் இருந்த குற்றச்சாட்டுகள் 667. காணாமலாக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக அறுபதுக்கும் மேல். ஆனால் இன்றுவரை ஒரு தீர்ப்புக் கூட இல்லை.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இந்த வழக்கைப் பற்றிப் பேச்சு வரும்போது என்னிடம் பலரும் கேட்பது ஒன்றுதான். “எல்லாவற்றையும் ஒரே வழக்கில் போட்டதால்தானே இழுபடுகிறது? பிள்ளைக்கு ஒரு வழக்காகப் போட்டிருந்தால் ஒன்றாவது முடிந்திருக்காதா?”

நியாயமான கேள்வி. சட்டத்தரணிகள் தமக்குள் பேசி முடிக்கும் நடைமுறை விடயம் போலத் தோன்றினாலும், எமது மக்களின் நீதி எங்கே சிக்கி நிற்கிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது.

என்ன நடந்தது?

அந்தக் காலத்தைக் கொழும்பில் வாழ்ந்த தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2007 ஜூன் 7 அன்று விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. வெள்ளை வானை நிறுத்த எந்த நீதிமன்றமும் தலையிடவில்லை. 2008 செப்டெம்பர் 17 அன்று தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் ஒன்றாகக் கடத்தப்பட்டார்கள். கொட்டாஞ்சேனை போன்ற இடங்களிலிருந்தும் ஆட்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். பதினொருவரில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். குடும்பங்களிடம் கப்பம் கேட்கப்பட்டது.

கொழும்பு கோட்டையில் உள்ள கடற்படை முகாமிலும், பின்னர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ‘கன்சைட்’ என்று அழைக்கப்பட்ட நிலக்கீழ் அறைகளிலும் இவர்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கண்டறிந்தது. அந்த அறைகளை 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமலாக்கப்படுதல் தொடர்பான செயற்குழுவும் நேரில் பார்த்தது.

இந்த விசாரணையைத் தொடக்கி வைத்த முறைப்பாடு, அன்றைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தனது சொந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கு எதிராக 2009 மேயில் செய்தது. பத்து ஆண்டுகளின் பின்னர் அதே வழக்கில் அவர் 14 ஆவது நபராகச் சேர்க்கப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 173 ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு தனிக் குற்றத்துக்கும் தனிக் குற்றச்சாட்டு இருக்க வேண்டும். அவை தனித்தனியாகவே விசாரிக்கப்பட வேண்டும். இதுதான் பொது விதி. எதிரியின் மீது குற்றச்சாட்டுகளைக் குவித்து, “இத்தனை இருக்கும்போது ஏதோ செய்துதான் இருப்பான்” என்ற எண்ணத்தை நீதிமன்றத்தில் உருவாக்கக் கூடாது என்பதற்காகவே இந்த விதி.

விதிவிலக்குகளும் உண்டு. ஒரே வகையான குற்றங்கள் 12 மாதங்களுக்குள் நடந்திருந்தால் மூன்று வரை சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்ப்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது. நடந்தவை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புபட்ட ஒரே தொடர்ச் செயலின் பகுதிகள் என்று அரச தரப்பு சொல்ல வேண்டும். பல எதிரிகளை ஒரே கூண்டில் நிறுத்துவதற்கும் அப்படியொரு தொடர்பு தேவை.

வாசகர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பதினொரு கடத்தல்களையும் ஒரே வழக்கில் வைப்பதன் மூலம் அரச தரப்பு ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறது: இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தவை அல்ல, ஒரே திட்டத்தின் கீழ், ஒரே ஆட்களால், ஒரே இடங்களைப் பயன்படுத்திச் செய்யப்பட்டவை. பதினொன்றாகப் பிரித்துவிட்டால் அந்தக் கூற்று கைவிடப்படுகிறது. ஒவ்வொரு வழக்கும் பணத்துக்காகச் சில கடற்படையினர் செய்த கடத்தலாகச் சுருங்கும். கீழே இருந்தவர் அகப்படலாம். மேலே இருந்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வி எந்த வழக்கிலும் முழுமையாக எழாது.

ஆகவே இந்தப் பதினொன்றையும் சேர்த்தது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் சேர்த்ததற்குக் கொடுத்த விலையும் பெரியது.

ஒருவரின் மனு, எல்லோரின் தாமதம்

மூன்று நீதிபதிகளைக் கொண்ட, ‘ட்ரயல் அட் பார்’ என்று அழைக்கப்படும் விசேட மேல் நீதிமன்றத்துக்கு இந்த வழக்கு ஒப்படைக்கப்பட்டது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. வழக்கைப் புலனாய்வு செய்த அதிகாரி நிசாந்த சில்வா நாட்டை விட்டு வெளியேறினார். 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு இந்த வழக்கை நிறுத்தி வைக்கச் சொன்னது. அப்படிச் சொல்ல ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று அன்றைய சட்டமா அதிபர் பதிலளித்தார். பின்னர் கரன்னாகொட மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். 2020 ஜூனில் இடைக்காலத் தடை வந்தது. 2021 ஒக்டோபரில், அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப் போவதில்லை என்று புதிய சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அதே ஆண்டு டிசெம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார்.

சேர்த்து விசாரிப்பதன் பலவீனம் இதில் தெரிகிறது. 14 பேர் இருக்கும் வழக்கில் ஒருவர் எழுப்பும் ஆட்சேபனைக்காக எல்லாக் குடும்பங்களும் காத்திருக்க வேண்டியதாகிறது. ஆனால் மேலே உள்ளவரை மட்டும் கழற்றிவிட வேண்டுமென்றால் ஓர் அறிவித்தலே போதுமாகிவிடுகிறது. அவரைப் பொறுத்தவரை வழக்குப் பிரிக்கப்பட்டு விட்டது, குடும்பங்களைக் கேட்காமலே.

2025 ஜூலையில் இன்னொரு முன்னாள் கடற்படைத் தளபதி நிசாந்த உலுகேதென்ன கைது செய்யப்பட்டார். அது வேறொரு இளைஞர் காணாமலாக்கப்பட்டது பற்றிய தனி வழக்கு. பொல்கஹவெல நீதவான் முன்னிலையில் அவர் நிறுத்தப்பட்டார். அதிலும் பேசப்படும் இடம் அதே கன்சைட். இடம் ஒன்று, படை ஒன்று, வழக்குகள் மட்டும் வேறு வேறு. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் நீதிமன்றம் எது?

எங்களுடைய கைதிகளுக்கு எப்படி?

இதே சட்டக் கோவையின் மறுபக்கத்தைத் தமிழ் அரசியல் கைதிகளின் குடும்பங்கள் நன்கறியும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒருவரிடம் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு, கொழும்பில் ஒரு வழக்கு, அநுராதபுரத்தில் ஒன்று, வவுனியாவில் இன்னொன்று என்று போடப்பட்டதுண்டு. ஒன்றில் விடுதலை கிடைத்தாலும் மற்றதற்காக உள்ளேயே இருக்க வேண்டும். 2017 இல் மூன்று கைதிகள் தங்கள் வழக்கு வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்ததும், அவர்களுக்காக அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதும் ஹர்த்தால் நடந்ததும் நினைவிருக்கும்.

அங்கே பிரித்ததனால் தாமதம். இங்கே சேர்த்ததனால் தாமதம். இரண்டு இடத்திலும் காத்திருப்பது தமிழ் பேசும் குடும்பங்கள்தான். பிரிப்பதா சேர்ப்பதா என்பதைக் குற்றத்தின் தன்மை முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் அதை முடிவு செய்வது சட்டமா அதிபர் திணைக்களத்தின் மேசை. அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் அரசாங்கத்தின் படையினருக்கு எதிராக வழக்கு நடத்துபவரும் ஒரே அதிகாரியாக இருப்பதால் வரும் பிரச்சினை இது. சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்று கேட்கப்படுவதும் இதனால்தான்.

உலகம் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதல்ல. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் ஸ்லோபோடன் மிலோசெவிச்சுக்கு எதிரான கொசோவோ, குரோஷியா, பொஸ்னியா குற்றப்பத்திரிகைகள் மூன்றும் ஒரே விசாரணையாகச் சேர்க்கப்பட்டன. 2002 பெப்ரவரியில் விசாரணை தொடங்கியது. 2006 மார்ச்சில், தீர்ப்பு வருமுன்னரே அவர் தடுப்புக்காவலில் இறந்தார். மூன்று நாட்டு மக்களுக்கும் தீர்ப்பு இல்லாமல் போனது.

அடுத்து வந்த ராட்கோ மிலாடிச் வழக்கில், ஸ்ரெப்ரெனிகா குற்றத்தைத் தனியே பிரித்து முதலில் விசாரிக்குமாறு அரச தரப்புக் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. வழக்கு ஒன்றாகவே இருந்தது, ஆனால் நிரூபிக்க வேண்டிய சம்பவங்கள் 196 இலிருந்து 106 ஆகக் குறைக்கப்பட்டன. 2017 இல் தீர்ப்பு வந்தது.

கம்போடியா வேறு வழியில் சென்றது. கெமர் ரூஜ் தலைவர்களுக்கு எதிரான பெரிய வழக்கை 2011 இல் இரண்டாகப் பிரித்தார்கள். 2013 இல் எதிரிகளில் ஒருவரான இயெங் சாரி தீர்ப்பின்றி இறந்தார். எஞ்சிய இருவருக்கும் முதல் பகுதியின் தீர்ப்பு 2014 இலும், இனப்படுகொலைக் குற்றச்சாட்டை உள்ளடக்கிய இரண்டாம் பகுதியின் தீர்ப்பு 2018 இலும் வந்தன. அடுத்த ஆண்டே அந்த இருவரில் ஒருவரான நுவொன் சியா இறந்தார். பிரித்திருக்காவிட்டால் அவர் மீது ஒரு தீர்ப்பும் இருந்திராமல் போயிருக்கலாம்.

நாம் கேட்க வேண்டியது

இவற்றிலிருந்து சில கோரிக்கைகளை முன்வைக்கலாம் என்று கருதுகிறேன்.

முதலாவது, பதினொருவரின் வழக்கு ஒரே வழக்காகவே இருக்க வேண்டும். ஒரே திட்டம் என்ற கூற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, ஓர் எதிரி மேல் நிலை நீதிமன்றத்தில் தடை பெற்றால் அவரது பகுதியை மட்டும் ஒதுக்கி வைத்து, மற்றவர்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். முதுமையடையும் பெற்றோரின் சாட்சியம் அதுவரை காத்திருக்காது.

மூன்றாவது, 667 என்ற எண்ணைக் குறைக்கலாம். பதினொரு பெயர்களில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் முக்கியமான குற்றச்சாட்டுகள் சில நிரூபிக்கப்பட்டாலே போதும்.

நான்காவது, எவரையேனும் வழக்கிலிருந்து விடுவிப்பதானால் அதற்கு முன் குடும்பங்களின் கருத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

ஐந்தாவது, இதே அளவுகோல் பயங்கரவாதத் தடைச்சட்ட வழக்குகளுக்கும் வேண்டும். ஒரே சம்பவத்தொடர், ஒரே வாக்குமூலம் என்றால் ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம்.

சேர்த்து விசாரித்தால் நீதி நிச்சயம் என்று எவருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மிருசுவிலில் 2000 டிசெம்பரில் கொல்லப்பட்ட எட்டுப் பேருக்காக ஐந்து படையினர் ஒன்றாக விசாரிக்கப்பட்டார்கள். 2015 இல் நால்வர் விடுதலையானார்கள், ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் அவரும் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். வழக்கை எப்படி அமைத்தாலும் அரசியல் விருப்பம் இல்லாவிட்டால் முடிவு அதுதான்.

இருந்தாலும் வழக்கின் அமைப்பைப் பற்றி நாம் பேசாமல் இருந்தால், அதை முடிவு செய்பவர்கள் எங்களை ஒருபோதும் கேட்கப் போவதில்லை. அடுத்த தவணையில் நீதிமன்றத்துக்குச் செல்லும் குடும்பங்கள் தங்கள் சட்டத்தரணிகளிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்கட்டும்: என் பிள்ளையின் பெயருக்கு நேரே இன்று எத்தனை குற்றச்சாட்டுகள் நிற்கின்றன, யாருக்கு எதிராக?