போஸ்டர்னா அவ்வளவு இளக்காரமா?

"ஒரிஜினல்தான் ஓவியம், அச்சடிச்சதெல்லாம் வெறும் போஸ்டர்"னு சில பேர் சொல்றதைக் கேட்டா எனக்கு எர்னி பார்ன்ஸ் ஞாபகம்தான் வரும்.

அமெரிக்காவுல 1974-லேர்ந்து 1979 வரைக்கும் சிபிஎஸ் டிவியில 'குட் டைம்ஸ்'னு ஒரு காமெடித் தொடர் ஓடுச்சு. சிகாகோ அரசுக் குடியிருப்புல வாழற ஒரு கறுப்பினக் குடும்பத்தோட கதை. அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருக்கற கறுப்பினக் குடும்பத்தை மையமா வெச்சு வந்த முதல் காமெடித் தொடர்னு இதைத்தான் சொல்வாங்க. மூத்த பையன் ஜே.ஜே. ஒரு ஓவியன். அவன் வரைஞ்சதாக் காட்டின படங்களை நிஜத்துல வரைஞ்சவர் பார்ன்ஸ். ஆளு முன்னாள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்!

அவரோட 'தி சுகர் ஷாக்' ஓவியம் அந்தத் தொடர்ல பேர் ஓடறப்போ வரும். நெரிசல்ல ஆடற கூட்டம், ரப்பர் மாதிரி நீளுற கைகால், மூடின கண்கள். ஒருத்தரோட மனுஷத்தன்மையை இன்னொருத்தர் பாக்கறதில்லை, அதான் கண்ணை மூடி வரையறேன்னு பார்ன்ஸ் விளக்கம் சொல்லியிருக்கார். இந்தப் படத்தோட பிரிண்ட் எத்தனையோ சாதாரண வீட்டுச் சுவத்துல தொங்குச்சு. கேலரிப் பக்கமே போகாதவங்களுக்கு டிவிதானே கேலரி?

2009-ல பார்ன்ஸ் காலமானார். 2022 மே மாசம் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு இந்த ஓவியம் வந்தப்போ, மிஞ்சிப் போனா 2 லட்சம் டாலர்னு நிபுணர்கள் கணிச்சாங்க. போனதோ 1 கோடியே 52 லட்சத்துக்கும் மேல! வாங்கினவர், சின்ன வயசுல 'குட் டைம்ஸ்'ல அதைப் பாத்து மயங்கினவர்.

பிரதி எடுத்தா மதிப்பு குறையும்னா இந்தக் கணக்கு எப்படிங்க வந்துச்சு? நிபுணர்களுக்கு 2022-ல தெரிஞ்சது, பிரிண்ட் வாங்கி மாட்டின ஜனங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. அதைப் பாக்கத்தான் மனுஷன் இல்லை.